ஃபைபர் படகா, ஸ்போர்ட்ஸ் படகா? சென்னைக் கோடையில் தூண்டிலோடு கடலுக்குள்

சித்திரை பிறந்ததும் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருக விடும் ஓய்வு இது, வேண்டிய ஓய்வுதான். குப்பத்து நாட்டுப்படகுகளுக்கும் சிறிய ஃபைபர் படகுகளுக்கும் தடை கிடையாது. ஸ்போர்ட்ஸ் படகு அமர்த்துகிறவர்கள் அது எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, இந்த நாட்களில் தூண்டில் போடலாமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

எதில் போனாலும் கோடையில் நேரத்தை முடிவு செய்வது காற்றுதான். விடியலில் கரையிலிருந்து வீசும்போது கடல் தட்டையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று எழும்பி, நண்பகல் வாக்கில் அலை நுரைக்கத் தொடங்கிவிடும். ஆக, கையில் இருப்பது ஐந்தாறு மணி நேரம்.

அந்த நேரத்தைச் சேமிப்பதில் ஸ்போர்ட்ஸ் படகை அடித்துக்கொள்ள முடியாது. இரட்டை இன்ஜின், தலைக்கு மேல் நிழல், மீன் காட்டும் திரை, சாய்ந்து உட்கார இடம். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் படகை ஓட்டிக்கொண்டே போலி மீனை இழுக்க வேண்டும். வேகமும் தூரமும் அதற்கு அவசியம். வஞ்சிரம் கடித்த நொடியில் ரீல் அலறும் பாருங்கள், அதற்காகவே பணம் கொடுக்கலாம். தூண்டிலுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி கட்ட மறக்கக் கூடாது. வஞ்சிரத்தின் பல் தங்கூஸ் (நைலான்) நரம்பைச் சுத்தமாக அறுத்துவிடும்.

ஃபைபர் படகில் இந்த வசதி எதுவும் இல்லை. நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, பலகையில் உட்கார்ந்து முதுகு நொந்துபோகும். மணலிலிருந்து தள்ளி, உடையும் அலையைத் தாண்டும் அந்தச் சில நிமிடங்கள் முதல்முறை வருகிறவரைக் கலங்க வைக்கும். இருந்தும் நான் அதைத்தான் சொல்வேன். காரணம், ஓட்டுகிறவர்.

போன மே மாதம் நண்பர்கள் நாலு பேர் ஸ்போர்ட்ஸ் படகில் போனோம். ஓட்டியவருக்கு இந்தக் கரை புதிது. திரையைப் பார்த்து இடம் மாற்றி மாற்றி ஓடியதிலேயே காலை போய்விட்டது. கிடைத்தது இரண்டு சின்னச் சீலா. அடுத்த வாரம் கோவளத்தில் ஓர் அண்ணனோடு ஃபைபர் படகில் போனேன். கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தார், இன்ஜினை நிறுத்தினார், ஈயம் கட்டிய தூண்டிலை இறக்கினார். “இது மணலு தம்பி, பாரு இன்னும் தெக்கால இருக்கு” என்றார். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. ஈயம் தரையில் தட்டும் விதத்திலேயே அவருக்கு அது தெரிந்துவிடுகிறது. கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டு, கணவாய்த் துண்டு கோத்து இறக்கினோம். ஒரு மணி நேரத்தில் பதினொரு சங்கரா, ஒரு களவா. ஒரு நாள் மீனை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாதுதான். ஆனால் பாறை கிடக்கும் இடம் நாளுக்கு நாள் நகர்வதில்லை, அதை அறிந்தவரிடம் போனால் வெறுங்கை குறைவு.

ஆழத்திலிருந்து வேகமாக ஏறும் களவாவுக்குக் காற்றுப்பை ஊதிவிடும்; திருப்பி விட்டாலும் பிழைப்பது கடினம். அதனால் வீட்டுக்குத் தேவையான அளவு கிடைத்ததும் பாறைத்திட்டை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

அலை பயம் உள்ளவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் இரண்டையும் விட்டுவிட்டுப் பழவேற்காடு ஏரிப் பக்கம் போகலாம். அங்கே கொடுவாவுக்குக் காத்திருப்பதும் தனி சுகம்.

ஃபைபர் என்று முடிவு செய்தால் முந்தின நாள் மாலையே குப்பத்துக்குப் போய் முகம் பார்த்துப் பேசுங்கள். எண்ணெய்ச் செலவு யாருடையது, இரை யார் வாங்குவது, பிடித்த மீன் யாருக்கு, எத்தனை மணிக்குக் கரை திரும்புவது, எல்லாம் அப்போதே பேசிவிட வேண்டும். உயிர்க்கவசச் சட்டை தலைக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் ஏறாதீர்கள். மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை வந்திருந்தால், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் வேறு நாள் கேளுங்கள்.