காரைக்குடி பக்கம் "கத்தியைப் பிடுங்கக் கற்றுத் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. இடது கை மோதிர விரல் இன்னும் முழுசாக மடங்க மாட்டேன் என்கிறது. அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன், பதிவு கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

எனக்கு எண்ணெய் ஏஜென்சி ஒன்றில் லைன் வசூல் வேலை. கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் புதுவயல். மாசக் கடைசியில் பையில் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம்கூட இருக்கும். பிப்ரவரியில் ஒரு ராத்திரி கானாடுகாத்தானில் இருந்து திரும்பி வரும்போது இரண்டு பையன்கள் ஒரே பைக்கில், லைட்டைப் போடாமல், பள்ளத்தூர் தாண்டியும் என் பின்னாலேயே வந்தார்கள். கோட்டையூர் வந்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்குப் போகிற பையன்களாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் போன தூக்கம் ஒரு வாரம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்த பிளெக்ஸ் கண்ணில் பட்டது. "6 ஞாயிறுகளில் கத்தித் தாக்குதலை வெல்லுங்கள்! இஸ்ரேல் ராணுவக் கலை, களரி, வர்மம், பிலிப்பைன்ஸ் காளி – நான்கும் ஒரே பயிற்சியில்! சர்வதேசச் சான்றிதழ் உண்டு!" ஒரு ஆளுக்கு 7,500 ரூபாய், இரண்டு பேராகச் சேர்ந்தால் 13,000. அக்கா மகன் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான், அவனையும் இழுத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும், "என்னங்க, ஆறு நாள்ல நாலு கலையா? நம்ம ஊர்ல ஆறு நாள்ல ஒரு ஊறுகாய்கூட ஊறாதே" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

அப்போது தெரியாதது இப்போது தெரிகிறது, சொல்லிவிடுகிறேன். பிளெக்ஸில் "இஸ்ரேல் ராணுவக் கலை" என்று போட்டிருந்த க்ராவ் மகா என்பது இமி லிச்டென்ஃபெல்ட் என்பவர் 1930களில் பிராட்டிஸ்லாவா தெருக்களில் அடிபட்டு, அடித்துக் கற்றதில் தொடங்கி, பிறகு இஸ்ரேல் ராணுவத்துக்காக வளர்த்தெடுத்தது. காளி, எஸ்க்ரிமா, ஆர்னிஸ் என்று பல பெயரில் சொல்வது பிலிப்பைன்ஸ்காரர்களின் கம்பு, கத்திக் கலை. 2009இல் அந்த நாடு சட்டம் போட்டு ஆர்னிஸைத் தேசிய விளையாட்டாக அறிவித்தது. அதில் ஒன்றைக் கற்கவே ஆட்கள் வருஷக்கணக்கில் உழைக்கிறார்கள். நான்கையும் கலந்து ஆறு ஞாயிற்றில் தருகிறேன் என்றால் அது கதம்ப சாதம்கூட இல்லை, நான்கு பாத்திரத்தின் கழுவின தண்ணீர்.

இடம் ஒரு பழைய செட்டியார் வீடு. வீட்டுக்காரர்கள் சென்னையில், காவல்காரர் மட்டும் குடும்பத்தோடு பின்கட்டில். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில்தான் வகுப்பு. சுற்றி பர்மா தேக்குத் தூண், காலடியில் ஆத்தங்குடிக் கல். ரீல்ஸுக்கு அருமையான இடம், அதற்காகத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று பிறகு புரிந்தது. வெறுங்காலில் இருபது பேர் வியர்த்தால் ஆத்தங்குடித் தரை எப்படி வழுக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாய் இல்லை. கேட்டதற்கு, "ரோட்டுல பாய் விரிச்சா குத்துவான், ப்ரோ?" என்றார் மாஸ்டர். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

பயிற்சி எப்படி என்றால், கத்தியோடு வருகிறவன் ஒரே ஒரு எட்டு எடுத்து வைப்பான், கையை முழுசாக நீட்டுவான், அப்புறம் கோயில் வாசல் துவாரபாலகர் மாதிரி அசையாமல் நிற்பான். மாஸ்டர் அந்த நீட்டின கையைப் பிடித்து, திருகி, முழங்கையில் ஒரு தட்டு தட்டி, கத்தியைப் பிடுங்கி, அதாலேயே அவன் கழுத்தில் ஒன்று, வயிற்றில் இரண்டு. கைதட்டல். அடுத்த ஆள். ரப்பர் கத்தி 650 ரூபாய், டி-ஷர்ட் 900, இரண்டும் கட்டாயம்.

இரண்டாவது வாரம் என் அக்கா மகன் ஒரு கேள்வி கேட்டான். "மாஸ்டர், அவன் குத்திட்டுக் கையை உடனே பின்னால இழுத்துக்கிட்டா எப்படிப் பிடிக்கிறது?"

"அது லெவல் டூ, ப்ரோ."

லெவல் டூ 12,000 ரூபாய். அந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கையைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன், நாற்பத்திரண்டு வயசில்.

நாலாவது ஞாயிறு மாஸ்டர் வரவில்லை, மதுரையில் ஏதோ ஷூட்டிங். அவருடைய உதவிப் பையன் ஒருவன், பத்தொன்பது வயசு இருக்கலாம், "இன்னைக்கு நிஜக் கத்தி, பயம் தெளியணும்" என்று பையில் இருந்து எடுத்தான். காய் நறுக்குகிற கத்தி. பிடியில் விலை ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது, 140 ரூபாய். அவன் குத்த வந்தான், சொல்லிக்கொடுத்தபடி இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டைப் பிடிக்கப் போனேன், வலது கால் தரையில் சர்ரென்று போனது, என் இடது கை அவன் மணிக்கட்டுக்குப் பதிலாக அலகைப் பிடித்துவிட்டது. அவன் பயத்தில் கையை இழுத்தான். (ஆமாம், லெவல் டூவில் சொல்லித்தர இருந்த அதே இழுப்பு.) வலிக்கவே இல்லை. உள்ளங்கையில் ஐஸ் வைத்த மாதிரி ஒரு சில். பிறகு கீழே பார்த்தால் மஞ்சளும் பச்சையுமான பூக்கல்லின் மேல் சொட்டுச் சொட்டாக.

இருபது பேர் கத்தியோடு பழகுகிற இடத்தில் ஒரு முதலுதவிப் பெட்டி இல்லை. ஒரு துண்டு கட்டுத்துணி இல்லை. அந்தப் பையன் பின்கட்டுக்கு ஓடிப்போய் காபித்தூள் வாங்கிவந்து கொட்டினான். என் அக்கா மகன்தான் அவனைத் தள்ளிவிட்டு, தன் துண்டை மடித்து உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "மாமா, கையைத் தலைக்கு மேல தூக்குங்க, எடுத்து எடுத்துப் பாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே பைக்கில் உட்கார வைத்து, இன்னொரு பையனை ஓட்டச் சொல்லி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே நர்சம்மா காபித்தூளைக் கழுவி எடுக்க எடுக்கத் திட்டினார். தையலைவிட அந்தக் கழுவல்தான் உயிர் போனது. டாக்டர் ஒவ்வொரு விரலாக மடக்கச் சொல்லி, நுனியைத் தொட்டுத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். நரம்பு தப்பியது. ஐந்து தையல், ஒரு டிடி ஊசி. போகிற போக்கில் அவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்: வெட்டுக்காயத்தில் காபித்தூள், மஞ்சள் எதையும் கொட்டாதீர்கள், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், கத்தி உடம்பில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அது அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக்கொண்டு 108க்குக் கூப்பிடுங்கள்.

மாஸ்டர் மறுநாள் போனில் சொன்னது: "வீரனுக்குத் தழும்புதான் ப்ரோ மெடல்."

சரி, அப்புறம் நடந்ததுதான் முக்கியம். என் மனைவியின் சித்தப்பா குன்றக்குடி பக்கம் கிராமத்தில் இருக்கிறார், சிலம்ப வாத்தியார். எழுபதை நெருங்குகிறார். கோயில் பொட்டலில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார், தட்சணை தந்தால் வாங்கிக்கொள்வார், தராவிட்டால் கேட்க மாட்டார். சேருகிற பிள்ளைக்கு மாசக்கணக்கில் காலடி மட்டும்தான், கம்பே கைக்கு வராது. சேதி கேட்டுப் பார்க்க வந்தவர் என் கட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், அக்கா மகனை மட்டும், "வெள்ளை பனியன் ஒண்ணு போட்டுக்கிட்டு வாடா தம்பி" என்றார்.

கொல்லையில் ஒரு சாண் மூங்கில் பட்டையை எடுத்து, நுனியை அடுப்புக்கரியைக் குழைத்து அதில் தோய்த்தார். சிலம்பப் போட்டியில் கம்பு நுனியில் பொடி தடவி, யார் மேல் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணுகிற வழக்கம் உண்டு, அதே கணக்கு. "உன் மாஸ்டரு சொல்லிக்கொடுத்த மாதிரி தடு" என்றார். குத்த வந்தபோது அவர் முழங்கை உடம்பை விட்டு விலகவே இல்லை. இடது கையால் பையனின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வலது கை தையல் மிஷின் ஊசி மாதிரி போய்ப் போய் வந்தது. பத்து விநாடிகூட இருக்காது. பனியனில் எண்ணினோம். ஒன்பது பொட்டு. பிடித்துத் திருகுவதற்கு நீட்டின கை என்று ஒன்று வந்தால்தானே!

பிறகு பட்டையைப் பையனிடம் கொடுத்து, "இப்ப நீ என்னைக் குத்து" என்றார். நாற்பத்தைந்து வருஷம் கம்பு சுற்றினவர். பக்கவாட்டில் விலகினார், துண்டை முகத்தில் வீசினார், திண்ணையில் இருந்த நாற்காலியை இடையில் தள்ளினார், அதைச் சுற்றிச் சுற்றி வாசல் வரைக்கும் போய்விட்டார். அவர் மேலும் பொட்டு விழுந்திருந்தது. முன்கையின் வெளிப்பக்கம் இரண்டு, விலாவில் ஒன்று. விலாவைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "எனக்கே மூணு, மாப்பிள்ளை. இதுல இந்த ஒண்ணு ஆளைத் தூக்கிரும்."

அவர் சொன்னது அதிகம் இல்லை. வழி இருந்தால் ஓடு. பை கேட்கிறானா, பையை அவன் கையில் கொடுக்காதே, அவனைத் தாண்டித் தூர எறி, அவன் அந்தப் பக்கம் போகட்டும், நீ இந்தப் பக்கம். பைக்கை உனக்கும் அவனுக்கும் நடுவில் வை. ஓடவே முடியாத இடத்தில் கையைத் தூக்க வேண்டி வந்தால் உள்ளங்கையையும் மணிக்கட்டின் உட்புறத்தையும் காட்டாதே, ரத்தக் குழாயும் விரல் நரம்பும் அங்கேதான் ஓடுது, புறங்கைப் பக்கத்தைக் காட்டு. வெட்டு விழத்தான் செய்யும். விழவே விழாது என்று எவனாவது சொன்னால் அவன் கத்தியைக் கண்ணால் பார்த்ததில்லை.

இதைக் கேட்டபிறகு நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டென்னிஸ் டுயலர் என்ற போலீஸ் பயிற்சியாளர் 1983இல் எழுதியது: கத்தியோடு ஓடி வருகிற ஆள் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான், உறையில் இருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடுவதற்கும் அதே நேரம்தான் ஆகிறது. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கே இதுதான் நிலைமை. எங்கள் மாஸ்டர் மூன்றடி தூரத்தில் நின்று வெறுங்கையால் பிடுங்குவாராம்.

பணத்துக்கு வருகிறேன். மீதியை மாஸ்டரிடம் திருப்பிக் கேட்டேன், ஆஸ்பத்திரிச் செலவுகூடக் கேட்கவில்லை. முதல் நாள் கையெழுத்து வாங்கின ஆங்கிலப் பேப்பரைப் போட்டோ எடுத்து அனுப்பினார், "எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல". மறு நிமிடம் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து தூக்கிவிட்டார். ரசீது இல்லை, பணம் போனது அவருடைய மனைவி பெயரில் உள்ள ஜிபே நம்பருக்கு. நல்ல வேளை, ஜிபே பதிவு, குரூப் மெசேஜ், பிளெக்ஸ் போட்டோ மூன்றையும் அக்கா மகன் முன்பே எடுத்து வைத்திருந்தான். தெரிந்த வக்கீல் ஒருவர், அந்தக் கையெழுத்தோடு எல்லாம் முடிந்துபோச்சு என்று நினைக்காதே என்றார். நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் பதிந்தேன். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

அந்த வக்கீல்தான் இன்னொன்றும் கேட்டார். "கத்தியைப் பிடுங்கினப்புறம் மூணு தடவை குத்தச் சொல்லிக்கொடுத்தானா? அப்ப ஜெயிலுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்திருக்கான்." தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை பிரிவுகளில் இருக்கிறது, 2024 ஜூலைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்று 37ஆம் பிரிவு சொல்கிறது. கத்தி உங்கள் கைக்கு வந்து, அவன் வெறுங்கையோடு நிற்கும்போது வயிற்றில் இரண்டு குத்தினால், அதைத் தற்காப்பு என்று கோர்ட்டில் நிரூபிக்க நீங்கள் படாத பாடு படவேண்டும்.

க்ராவ் மகாவோ காளியோ சொல்லித்தருகிற எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை, நன்றாகச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கொண்டுபோய், "நான் நிறுத்தாமல் குத்துகிறேன், நீங்கள் தடுங்கள்" என்று மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். சிரித்துக்கொண்டே வெள்ளைச் சட்டை போட்டு வந்து, மேலே விழுந்த கோட்டைத் தானே எண்ணிக் காட்டுகிறவரிடம் தாராளமாகச் சேருங்கள். யாரிடம், எத்தனை வருஷம் கற்றார் என்று கேளுங்கள், அந்த ஆளுக்கே போன் போட்டுக் கேளுங்கள். முதலுதவிப் பெட்டி எங்கே என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டத் தெரிய வேண்டும்.

சான்றிதழ் வந்துவிட்டது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். நாலு வகுப்புதான் போனேன், கூரியரில் அனுப்பிவிட்டார்கள். சர்வதேசம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லிலேயே ஒரு எழுத்து இல்லை.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இப்போது புது பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள், அடுத்த பேட்ச் ஆரம்பமாம். அதில் வலது ஓரத்தில் நீலச் சட்டையோடு ரப்பர் கத்தியை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பார், கீழே "எங்கள் பயிற்சியில் வென்றவர்" என்று எழுதியிருக்கும். அது நான்தான். முதல் ஞாயிறு எடுத்த போட்டோ. பிளெக்ஸில் இருந்து அதை நீக்கச் சொல்லிப் பலமுறை கேட்டுவிட்டேன், நீக்கவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் போய்ச் சேர்ந்துவிடாதீர்கள்.