மீன் வெட்டும் பலகையில் செய்த ஸ்கெக்: நான்கு வருடப் பயன்பாடு

நான்கு வருடத்துக்கு முன்னால், வேல்ஸில் ஆங்கில்சி தீவின் மொயில்வ்ரே கரையில் இறங்கும்போது கயாக்குக்கு (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கலான சின்னப் படகு) அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்கெக்கை மேலே இழுக்க மறந்திருந்தேன். அலை பின்பக்கத்தைத் தூக்கி உருண்டைக் கற்களின் மேல் உட்காரவைத்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் கம்பி நுனியில் அரை ஸ்கெக் ஆடிக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையதுதான்.

தெரியாதவர்களுக்காக: ஸ்கெக் வேறு, சுக்கான் வேறு. ஸ்கெக் இடம் வலம் திரும்பாது. கயாக்கின் அடியில், பின்முனைக்குச் சற்று முன்னால் ஒரு குறுகலான பெட்டி இருக்கும். அதற்குள் மடங்கிக் கிடக்கும் ஒற்றைச் செதில், அவ்வளவுதான். உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள பிடியைத் தள்ளினால் கம்பி அதைக் கீழே இறக்கும். பக்கக் காற்றில் கயாக் ஓடும்போது முன்பாகத்தைத் தண்ணீர் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பின்பாகத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை. காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஸ்கெக் இறங்கினால் வாலுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். எதிர்காற்றுக்கு ஏற்றி வைக்கலாம், பக்கக் காற்றுக்குப் பாதி, பின்காற்றுக்கு முழுசாக.

அது இல்லாமலும் சமாளிக்கலாம் என்று ஒருநாள் லினாஸ் முனை வரை போனேன். திரும்பும்போது தென்மேற்குக் காற்று வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. வழி முழுக்க வலதுபக்கமே அகலமாக வலித்து வலித்து, மறுநாள் வலது தோள் சட்டை மாட்டவே விடவில்லை.

என் கயாக் பழையது, அந்த மாடலை இப்போது யாரும் செய்வதில்லை. சரி, நாமே செய்வோம் என்று சீரியல் டப்பா அட்டையில் வெட்டி, பெட்டிக்குள் விட்டுப் பார்த்து, கால்வட்டம் மாதிரி ஒரு அச்சு எடுத்தேன். அச்சு சரியாக அமைய ஏழு அட்டை ஆனது. வேலையில் பாதி அதுதான்.

முதல் ஸ்கெக் 6 மி.மீ. அக்ரிலிக். கண்ணாடி மாதிரி அழகாக இருந்தது. மூன்றாவது பயணத்தில் அச்சாணித் துளையிலிருந்து ஒரு கீறல் கிளம்பி ஓரம் வரை ஓடிவிட்டது. அக்ரிலிக்கில் துளை போட்ட இடத்தில் சின்ன வெடிப்பு இருந்தாலே போதும், சுமை ஏறும்போது அங்கேதான் பிளக்கும். அக்ரிலிக்கில் செய்யச் சொல்லி இனி யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்புறம்தான் பலகை. ஹோட்டல்காரர்கள் பச்சை மீனுக்கென்று வைத்திருக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் பலகை, 10 மி.மீ. கனம். ஹெச்.டி.பி.ஈ. என்ற பாலித்தீன் வகை. தண்ணீர் குடித்து உப்பாது, அடித்தால் உடையாது, வளைந்து கொடுத்துத் திரும்பும். எங்கள் வீட்டிலேயே ஒன்று இருந்தது. ஜிக்சா ரம்பத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் பலகை உருகி, வெட்டின வாயை அதுவே ஒட்டிக்கொள்ளும். எனக்கு முதல் வெட்டில் அப்படித்தான் ஆனது.

"ஏங்க, மீன் வெட்டுற பலகை எங்க?"

ஷெட்டுக்குள்ளிருந்து நான் பதில் சொல்லவில்லை.

பெட்டியின் உள் அகலம் 11 மி.மீ. பலகை 10. வீட்டில் வழுக்கிக்கொண்டு போனது. கடலில் முதல் நாளே பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளியில் மணல் புகுந்து சிக்கிக்கொண்டது. நான் பிடியைப் பலமாகத் தள்ள, பல இழை முறுக்கிய 3 மி.மீ. எஃகுக் கம்பி முழங்கை மாதிரி மடிந்தது. ஒருமுறை மடிந்த கம்பி மறுபடி நேராகாது, மாற்றத்தான் வேண்டும். (புதுக் கம்பியை வெட்டுமுன் வெட்டும் இடத்தில் சூப்பர் குளூ விட்டுக் காயவிடுங்கள். இல்லையென்றால் இழை பிரிந்து துடைப்பமாகிவிடும்.) செதில் பாகத்தை மட்டும் இழைப்புளியால் 8 மி.மீ.க்கு இறக்கி, அச்சாணிப் பக்கம் 10 ஆகவே விட்டேன். அங்கே ஆட்டம் காட்டாமல் இருக்க, பால் டப்பாவை வெட்டி இரண்டு வாஷர். அதுவும் அதே வகைப் பிளாஸ்டிக்தான், இன்றுவரை தேயவில்லை.

அடுத்த தொல்லை பாட்டு. கொஞ்சம் வேகம் எடுத்தால் இருக்கைக்கு அடியில் தம்புரா மீட்டுகிற மாதிரி ஒரு ரீங்காரம். முதலில் ரசித்தேன், ஒரு மணி நேரத்தில் தலைவலி. காரணம், மொண்ணையாக விட்டிருந்த பின்விளிம்பு. அதைத் தாண்டும் தண்ணீர் இடமும் வலமும் மாறி மாறிச் சுழல, செதில் அதிர்கிறது. முன்விளிம்பை அரத்தால் உருட்டினேன். பின்விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவி 2 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். பாட்டு நின்றது. நான் செய்த திருத்தங்களில் அதிகப் பலன் தந்தது இந்த அரைமணி நேர வேலை.

இன்னொன்று, செதிலின் கீழ்மூலையில் ஒரு துளை போட்டு விரலளவு கயிற்று வளையம் கட்டியிருக்கிறேன். கல்லுக் கரையில் கிளம்பும்போது கூழாங்கல் பெட்டிக்குள் ஏறி அடைத்துக்கொண்டால், கூட வருபவர் அதைப் பிடித்து இழுத்துவிடுவார். மொயில்வ்ரேயில் வருடத்துக்கு நாலைந்து தடவையாவது தேவைப்படுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. இரண்டாம் வருடக் கடைசியில் 6 மி.மீ. அச்சாணித் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்து, செதில் கடகடத்தது. 8 மி.மீ.க்குத் துளையைப் பெரிதாக்கி ஒரு துண்டு எஃகுக் குழாயைச் செருகினேன். சாதாரணப் பசை எதுவும் இந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது, அதனால் குழாய் இறுக்கமாக உட்கார வேண்டும். நீலம் வெளுத்துவிட்டது. பின்அலையில் செதில் லேசாக வளைவதும் தெரிகிறது. அது பெட்டியைக் காப்பாற்றுகிறது என்று நான் விட்டுவிட்டேன். மறுபடி இரண்டு தடவை கல்லில் இடித்திருக்கிறேன், கீறல்தான் விழுந்தது.

இதைப் பார்த்து ஒரு நண்பர் தன் கயாக்குக்கும் செய்தார். அவருடையது கயிறு இழுத்தால் ஏறி, எலாஸ்டிக் இழுத்து இறங்கும் வகை. எலாஸ்டிக் தளர்ந்திருந்தது. கயிற்றை விட்டால் ஸ்கெக் இறங்கவே இல்லை. இந்தப் பிளாஸ்டிக் தண்ணீரில் மிதக்கும் என்பதை நான் சொல்லியிருக்க வேண்டும். என்னுடையதைக் கம்பி தள்ளுவதால் எனக்கு அது உறைக்கவே இல்லை. புது எலாஸ்டிக் போட்டதும் சரியானது.

மிச்சப் பலகை சமையலறைக்கே திரும்பிவிட்டது. ஒரு மூலையில் கால்வட்டம் கடித்து எடுத்த மாதிரி இருக்கும். வெட்டின மீனைச் சட்டிக்குள் தள்ள அந்த வளைவு தோதாக இருக்கிறதாம். புதுசு வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாமாம்.