ஸ்பானிஷ் உச்சரிப்பு வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

‘ஒரே மாதத்தில் ஸ்பெயின்காரர் மாதிரியே பேசலாம், உச்சரிப்புக்கு நாங்கள் கேரண்டி’ என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நான் 24,000 ரூபாய் கட்டிவிட்டு, அதில் பாதிகூடத் திரும்பி வராமல் அலைந்துகொண்டிருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், வேறு பெயரில் வந்தாலும் உங்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

சென்னையில் நான் வேலை பார்க்கும் டீம் கொலம்பியா, மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு பேச வேண்டியது. ஸ்பானிஷ் படிக்கவும் எழுதவும் ஓரளவு வரும். வாயைத் திறந்து பேசுவதற்குத்தான் வகுப்பு தேடினேன். ஸ்பெயினில் பிறந்து வளர்ந்த ஆசிரியர், வாரம் இரண்டு நேரடி வகுப்பு, நாம் அனுப்பும் ஒவ்வொரு ஆடியோவையும் அவரே கேட்டுத் திருத்துவார் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். கட்டியதும் வந்தது பதிவு செய்த வீடியோக்கள், ஒரு பிடிஎஃப், ஒரு வாட்ஸ்அப் குழு. வீடியோவில் பேசியவர் ஸ்பெயின்காரர் இல்லை. கேட்டதற்கு ‘மாட்ரிட்டில் பயிற்சி எடுத்தவர்’ என்று பேச்சை மாற்றினார்கள். நம்மூர் ஆசிரியர் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அருமையாகச் சொல்லித்தருபவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஆனால் இவருக்கு விஷயமே தெரியவில்லை.

ஆடியோ அனுப்பினால் சில நொடிகளில் ‘முய் பியென்’ என்று பதில் வரும். மிக நன்று என்று பொருள். நான் அனுப்பியதோ ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஆடியோ, அதற்குள் எப்படிக் கேட்டிருக்க முடியும்? சந்தேகம் வந்து, ஒரு பத்தியை வேண்டுமென்றே எல்லா ஒலியும் தப்பாகப் படித்து அனுப்பிப் பார்த்தேன். அதற்கும் ‘முய் பியென்’தான்.

சரி, பாடமாவது ஒழுங்காக இருந்ததா? ஸ்பானிஷில் ‘ர’ இரண்டு வகை. ‘பெரோ’ என்றால் ஆனால். அங்கே நாக்கு ஒரே ஒரு தடவை தட்டும், நம் ‘மரம்’ சொல்லும்போது வருகிற அதே ர. நாக்கு நுனி பலமுறை அதிர்ந்தால் அது ‘பெற்ரோ’ மாதிரி ஒலித்து நாய் ஆகிவிடும். சொல்லின் முதலில் வந்தால் ஒற்றை எழுத்தானாலும் அதிர்வுதான். இவர்களோ ‘ஸ்பானிஷில் ர வந்தாலே உருட்ட வேண்டும்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பழகிக்கொண்டு ஒரு அழைப்பில் ‘விலை அதிகம்’ என்று சொல்ல ‘காரோ’ என்றேன், ர-வை நன்றாக உருட்டி. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் இருந்த வாடிக்கையாளர் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘எந்தக் காரைச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டார். உருட்டினால் அது வண்டி. இலவசமாகக் கிடைக்கும் எந்தத் தொடக்கப் பாடத்திலும் இருக்கிற வேறுபாடு இது. காசு வாங்கிக்கொண்டு தலைகீழாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

பிடிஎஃப் இன்னும் மோசம். எல்லாச் சொல்லையும் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். ‘ன’ ஒலிக்கான ஸ்பானிஷ் எழுத்தின் மேல் வரும் அலைக்கோட்டை ஓரிடத்தில்கூடப் போடவில்லை. அந்தக் கோடு இருந்தால் ஒலி நம் ‘ஞ’. வயதைச் சொல்லும்போது வரும் ‘ஆஞோஸ்’ என்றால் ஆண்டுகள். கோடு போய் ‘ஆனோஸ்’ ஆனால் சபையில் சொல்லக் கூடாத உறுப்பின் பெயர். ஞ நம் எழுத்திலேயே இருக்கிறது. தமிழ் மாணவர்களிடம் பணம் வாங்குகிறவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

எனக்குப் பெரிய ஆத்திரம் இதில்தான். தமிழ் பேசுகிறவருக்கு ஸ்பானிஷ் ஒலிகளில் பாதி ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அவர்களின் ‘த’ பல்லில் நாக்கு படும் த. ‘எனக்கு இருக்கிறது’ என்பதற்கு ‘தெங்கோ’ என்றால் ‘தென்னை’யில் வரும் த போதும். வீடியோவில் ‘டெங்கோ’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘தோதோ’ என்ற சொல்லில் இரண்டாவது மெலிந்து ஒலிக்கும், நாம் ‘அது’ சொல்லும்போது மெலிகிற மாதிரியே. ‘லாகோ’வில் வரும் க, ‘பகல்’ என்று சாதாரணமாகப் பேசும்போது வரும் க-வுக்கு வெகு பக்கம். நடுவில் வந்தால் இந்த ஒலிகள் மெலிவது இரண்டு மொழிக்கும் பொது. இதை விட்டுவிட்டு, ஆங்கில ‘வி’ மாதிரி உதட்டைக் கடிக்கப் பழக்கினார்கள். ஸ்பானிஷில் பி, வி என்ற இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலிதான், உதட்டைக் கடிக்கும் வேலையே கிடையாது.

அப்புறம் அந்த ராஜா கதை. ஸ்பெயினில் ஒரு ராஜாவுக்கு நாக்கு தெற்றுமாம், அதனால் எல்லோரும் ‘ஸ’ வரும் இடமெல்லாம் ‘திங்க்’ என்பதில் வரும் காற்றொலியாகப் பேசுகிறார்களாம். வீட்டுக்கான ‘காஸா’வைக்கூட அப்படிச் சொல்லவைத்தார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்தக் காற்றொலி உண்டுதான். ஆனால் இஸட் எழுத்துக்கும், எ, இ முன்னால் வரும் சி எழுத்துக்கும் மட்டுமே. எஸ் எழுத்து அங்கேயும் ஸ-தான். ராஜாவுக்குத் தெற்றியிருந்தால் எஸ் மட்டும் எப்படித் தப்பித்திருக்கும்? ‘காஸா’வைக் காற்றொலியில் சொன்னால் மாட்ரிட்டில் அது வேட்டை. லத்தீன் அமெரிக்காவில் இரண்டுமே ஸ. நான் பேசப்போவது பொகோட்டாவோடு என்று சேரும்போதே எழுதிக் கொடுத்திருந்தேன், யாரும் படிக்கவில்லை.

அதிர்வு ‘ற’ வரவில்லை என்று குழுவில் ஒரு பெண் எழுதினார். உடனே தனியாகக் கூப்பிட்டு, ‘உங்கள் நாக்கு நரம்பு குட்டையாக இருக்கலாம், 6,000 ரூபாய்க்கு நாக்குப் பயிற்சி பேக்கேஜ் இருக்கிறது’ என்றிருக்கிறார்கள். எனக்கும் அதே அழைப்பு வந்தது. நாக்கைப் பார்க்காமலே இதைச் சொல்கிறவர்களை என்ன சொல்வது? அப்படி ஒரு குறை இருந்தால் மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ வாயைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளுக்கே கடைசியாகப் படியும் ஒலிகளில் அது ஒன்று. பழகப் பழக வரும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் மலையாளிகளுக்கும் ர, ற வேறுபாடு பேச்சிலேயே இருப்பதால் இன்னும் சுலபம்.

முடிவில் தரும் சான்றிதழ் ‘டெலே தேர்வுக்குச் சமம்’ என்றும் சொன்னார்கள். சமம் என்று ஒன்றும் கிடையாது. டெலே என்பது ஸ்பானிஷ் மொழித்திறனுக்கான சான்றிதழ்த் தேர்வு, ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பேரில் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தித் தருவது; அவர்களுக்கு டெல்லியில் 2009 முதல் மையம் இருக்கிறது. சியெலே என்று இன்னொரு தேர்வு உண்டு, அதன் சான்றிதழ் 5 ஆண்டுக்குச் செல்லும். இவை இரண்டையும் நாமே பதிவு செய்து எழுதலாம். வகுப்பு நடத்துகிறவர் தன் கையெழுத்தில் தரும் தாளை இவற்றோடு சேர்த்துப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைக் கேட்டபோது ‘முதல் வீடியோவைத் திறந்துவிட்டீர்கள், திருப்பித் தர முடியாது’ என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்த பிறகு 9,000 ரூபாய் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனிலேயே மனு போட்டிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இப்போது பொகோட்டாக்காரர் ஒருவரிடம் தனி வகுப்பு. பணம் பேசும் முன்பே என்னை ஒரு பத்தி படிக்கச் சொல்லி, நிறுத்தி நிறுத்தித் திருத்தினார். நீங்களும் எங்கே சேர்வதானாலும் இதை முதலில் கேளுங்கள். உங்களைப் படிக்கவிட்டு ‘இந்த ஒலி தப்பு, நாக்கை இங்கே வை’ என்று ஒரு தடவையாவது சொல்ல முடியாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று அவர் உங்களைத் திருப்பிக் கேட்கவும் வேண்டும்.

அந்த விளம்பரத்தை நம்பி ஏற்கெனவே கட்டியிருந்தால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போனதற்கான ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். நான் புகார் கொடுத்த பிறகு அவர்கள் பக்கத்தில் ‘கேரண்டி’ என்ற வார்த்தை காணாமல் போய்விட்டது. பழைய படம் கையில் இருந்ததால்தான் மனுவோடு இணைக்க முடிந்தது.