எல்க் வேட்டைக்கு முதல் வில்: மூன்று பருவம் ஓடிய பின் எது தாங்குகிறது, எது கைவிடுகிறது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வில் வேட்டைப் பருவம் செப்டம்பரில். எல்க் என்னும் பெரிய மான் இணைசேரும் காலமும் அதுவே என்பதால், ஆண் எல்க் குரல் கொடுத்தபடி 30, 40 கஜத்துக்குள் வந்துவிடும். சுமார் 300 கிலோ உடம்பு, தடித்த தோல், அகன்ற விலா. மாநில விதிப்படி வில்லுக்குக் குறைந்தது 35 பவுண்டு இழுவிசை, அம்புமுனைக்கு 7/8 அங்குல அகலம் இருந்தால் போதும். எல்க் முன்னால் நிற்க அது போதாது. கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லில் 60 பவுண்டு நல்ல அளவு.

கடைக்காரர் 70 பவுண்டைத்தான் நீட்டுவார். வாங்குமுன் ஒரு சோதனை: நாற்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை இலக்கை நோக்கியே வைத்து மெதுவாக இழுங்கள். வில்லை வானத்துக்குத் தூக்கினால்தான் நாண் வருகிறது என்றால் இழுவிசை அதிகம். விடியற்காலைக் குளிரில் அரை மணி நேரம் அசையாமல் நின்ற தோள் இதைவிட மோசமாக இருக்கும். கிளை போல்ட்டை (வில்லின் வளையும் கிளைகளை நடுப்பகுதியோடு இணைப்பது) ஒரு முழுச் சுற்று தளர்த்தினால் இரண்டு மூன்று பவுண்டு குறையும். மேல் போல்ட்டையும் கீழ் போல்ட்டையும் சமமாகத் திருப்ப வேண்டும். இழுநீளத்துக்கு (நாணை முழுதாக இழுக்கும் தூரம்), விரித்த கைகளின் மொத்த நீளத்தை 2.5-ஆல் வகுங்கள்: 70 அங்குலம் என்றால் 28. அரை அங்குலம் கூடினாலே நாண் முன்கையில் அறையும், கன்னத்தில் ஊன்றும் இடமும் ஒவ்வொரு முறையும் மாறும்.

பணத்தை வில்லில் கொட்டுவதைவிட அம்பில் நேரத்தைக் கொட்டுவது மேல். 350 கிரெய்ன் (அம்பின் எடை அலகு) அம்பு விநாடிக்கு 280 அடி வேகத்தில் போனாலும், 450 கிரெய்ன் அம்பு 250 அடியில் போனாலும் ஆற்றல் கிட்டத்தட்ட ஒன்றுதான். உந்தம் மட்டும் கனமான அம்பில் சுமார் 15 சதவீதம் அதிகம். விலாவைத் துளைத்து மறுபுறம் வருவது அந்தக் கனத்தால். வேகத்தைப் போட்டு விளம்பரம் செய்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

முனைக்கு அசையாத அலகுள்ள 100 அல்லது 125 கிரெய்ன் பிராட்ஹெட், அதாவது வெட்டும் அலகுள்ள வேட்டை முனை. பட்டவுடன் விரியும் வகை விரிவதிலேயே கொஞ்சம் ஆற்றலைச் செலவழிக்கும். ஆனால் அசையாத அலகு, ஒழுங்காக ட்யூன் செய்யாத வில்லைக் காட்டிக்கொடுத்துவிடும். 30 கஜத்தில் பயிற்சி முனையையும் வேட்டை முனையையும் மாற்றி மாற்றி எய்து பாருங்கள். வேட்டை முனை இடப்புறம் விலகினால் அம்பு ரெஸ்டை (வில்லில் அம்பைத் தாங்கும் பகுதியை) வலப்புறம், அதாவது பயிற்சி முனை போகும் பக்கம், ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்கள். கீழே விழுந்தால் ரெஸ்டை உயர்த்துங்கள். பலர் சைட்டை (குறிபார்க்கும் கருவியை) திருப்பிச் சமாளிப்பார்கள். அப்போது 30 கஜத்தில் சரியாகத் தெரிவது 50-இல் மீண்டும் பிரியும். ஒரே ஒரு அம்பு மட்டும் விலகினால் வில்லைத் தொடாதீர்கள். அந்த அம்பை விரல்களில் சுழற்றுங்கள். முனை தள்ளாடினால் தண்டின் வாய் நேராக வெட்டப்படவில்லை.

பருவங்கள் ஓடினால் முதலில் சோர்வது நாண். புது நாண் முதல் இருநூறு அம்புவரை சற்று நீளும், பீப் (நாணில் உள்ள, குறிபார்க்கும் துளை) திரும்பிக்கொள்ளும். எனவே வேட்டைக்கு முந்தைய வாரம் நாண் மாற்றுவது வம்பு. மெழுகு பூசி வந்தாலும் இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற வேண்டும். அடுத்தது, எய்தவுடன் கீழே விழும் வகை ரெஸ்டின் கயிறு. கேபிளில் (வில்லின் கப்பிகளோடு இணைந்த வடத்தில்) கவ்விய இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் வழுக்கினாலே ரெஸ்ட் முழுதாக எழாது, அம்பின் இறகு உரசும். கவ்வும் இடத்தில் வெள்ளிப் பேனாவால் கோடு போட்டு வைத்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கயிறே இல்லாத, தூரிகை வளையம் போன்ற ரெஸ்ட் இறகைக் கொஞ்சம் தேய்க்கும், ஆனால் காட்டில் கைவிடாது. முதல் வேட்டைக்கு அதுவே எங்கள் ஓட்டு.

தூரமானியில் கோணத் திருத்தம் கட்டாயம். 30 டிகிரி சரிவில் 40 கஜம் காட்டினால் எய்ய வேண்டியது 35 கஜத்துக்கு; அது இல்லாமல் மலையில் எய்தால் அம்பு முதுகுக்கு மேல் பறக்கும்.

பையில் ஆலன் கீ செட், இரண்டு நாக் (அம்பின் பின்நுனியில் நாணைக் கவ்வும் பகுதி), கூடுதல் ரிலீஸ் (நாணைப் பிடித்து விடுவிக்கும் கருவி), பன்னிரண்டு சென்டிமீட்டர் நாண்கண்ணிக் கயிறு (ரிலீஸ் கவ்வும், நாணில் கட்டிய வளையத்துக்கானது), ஒரு லைட்டர். கண்ணி அறுந்தால் கயிற்றின் நுனியை லைட்டரில் உருக்கிக் குமிழாக்கி முடிச்சிட்டால் பத்து நிமிடத்தில் வில் தயார். ரிலீஸ் தொலைந்தால் மட்டும் மாற்று வழி இல்லை, அதனால் இரண்டாவது ரிலீஸ் முதலாவது போலவே, அதே நீளத்துக்கு அமைத்ததாக இருக்கட்டும்.