பழைய இங்கிலாந்து பைப்புகளோடு பன்னிரண்டு ஆண்டுகள்

லண்டன் போர்ட்டபெல்லோ ரோடு சந்தையில் ஒரு சனிக்கிழமை காலை, கறுத்துப்போன கரண்டிகளுக்கு நடுவே என் முதல் புகையிலைப் பைப் கிடந்தது. கிண்ணம் நிறையக் கரி. வாய்த்துண்டு பாசி பிடித்த நிறம். கிண்ணத்துக்கும் வாய்த்துண்டுக்கும் இடைப்பட்ட கழுத்தில் ‘பார்லிங்ஸ்’ என்று வில்லாக வளைந்த எழுத்து, அதன் கீழே ‘மேக்’, அடுத்து மெல்லிய வெள்ளி வளையம். வாங்கி வந்த அன்று இரவே மெருகுச் சக்கரத்தில் பிடித்தேன். மரம் கண்ணாடியாய் மின்னியது. அந்த எழுத்து மட்டும் தேய்ந்து போயிருந்தது.

போனது என்ன என்று பிறகுதான் புரிந்தது. இந்தப் பைப்பைச் செய்த பார்லிங் குடும்பம் 1812-இல் வெள்ளித் தட்டார்களாகத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் தொழில் கைமாறிய பிறகு முத்திரையின் எழுத்து வடிவமும் மாறியது. குடும்பத்தார் கையில் இருந்த காலத்துப் பைப்பா, பின்னால் வந்ததா என்று பார்த்த உடனே சொல்வது அந்த வளைந்த எழுத்துதான். நல்லவேளை, வளையம் பிழைத்தது. அதில் ‘ஈ.பி., டபிள்யூ.பி.’ என்ற குடும்ப முத்திரை இருக்கிறது. ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது 92.5 சதவீதத் தூய்மை. சிறுத்தைத் தலை இருந்தால் சோதித்த ஊர் லண்டன், நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம். கூட இருக்கும் ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும்.

அன்றிலிருந்து பைப்பை வாங்குமுன் லென்ஸை எடுத்து முதலில் கழுத்தைத்தான் பார்க்கிறேன். கிண்ணத்தின் அழகு அப்புறம். லண்டன் நிறுவனமான டன்ஹில்லின் பைப் என்றால் ‘இங்கிலாந்து’ என்ற சொல்லுக்குப் பின்னால் குட்டியாக ஒரு எண் இருக்கும், ஆண்டைக் கணிக்க அதுவே பிடி. வாய்த்துண்டில் உள்ள புகழ்பெற்ற வெள்ளைப் புள்ளி, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று காட்டத்தான் வந்தது. அங்கிருந்து விலகிய ஜோயல் சசியேனி 1919-இல் தனியாகத் தொடங்கினார். அவருடைய நாலு புள்ளிப் பைப்புகளில் ஆங்கிலேய ஊர்ப்பெயர்கள் பொறித்திருக்கும். என்னிடம் இருப்பவற்றில் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராதது டன்ஹில்லின் ‘ஷெல்’ வகைப் பைப். மணல் வீசி மென்பகுதியை அரித்து எடுத்திருப்பார்கள்; மரத்தின் வரிகள் மேடு பள்ளமாக விரலுக்கே தெரியும்.

இந்தப் பைப்புகளின் மரமான பிரையர் என்பது மத்தியதரைக்கடல் ஓரத்துப் புதர் ஒன்றின் வேர்முண்டு. வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்தி எடுப்பதால் சூட்டைத் தாங்குகிறது, நூறு வயதிலும் உறுதியாக இருக்கிறது. தொல்லை கொடுப்பது வல்கனைட் வாய்த்துண்டு. கந்தகம் சேர்த்த ரப்பர் அது, வெளிச்சம் பட்டால் பழுப்பேறி வாயில் கசக்கும். முதல் இரண்டு வருடம் ஜன்னலோரத் தாங்கியில் அடுக்கி வைத்து நானே அத்தனையையும் பழுக்கவிட்டேன். இப்போது இழுப்பறைக்குள் துணி விரித்து வைக்கிறேன்; ஆறு வருடமாக நிறம் மாறவில்லை.

பழுப்பை எடுக்க நனைத்த நுண் உப்புத்தாள் போதும். வாய்த்துண்டைக் கழற்றாமல், கழுத்தோடு சேர்த்தே தேய்க்க வேண்டும்; தனியாகத் தேய்த்தால் விளிம்பு உருண்டு, பொருந்தும் இடத்தில் பள்ளம் தெரியும். முத்திரைமேல் அதற்கு முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். உட்கரியை மரம் தெரியும்வரை சுரண்டக் கூடாது, ஒரு காசின் தடிமன் மிச்சமிருக்கட்டும். பைப் சூடாக இருக்கும்போது திருகிக் கழற்றினால் கழுத்து வெடிக்கும். ‘பழுதில்லை’ என்று சொல்லி ஒரு வியாபாரி விற்றதில் அப்படியொரு மயிரிழை வெடிப்பு, வெள்ளி வளையத்துக்கு அடியில் மறைந்திருந்தது. அதனால் பிற்காலத்தில் பூட்டிய வளையம் என்று தோன்றினால் இப்போது உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை.

புகைப்பதை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. வாய்ப் புற்றுநோய்க்கு நேர்வழி அது; சேகரிக்கும் ஆசை உள்ளவர்களுக்கும் புகைக்காமலே சேர்க்கச் சொல்வேன். அந்த முதல் பார்லிங்கை மட்டும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, எழுத்து இருந்த இடத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பேன். ‘மேக்’-இன் கடைசிக் காலில் ஒரு கோடு இன்னும் தெரிகிறது.