கிட்டங்கியும் மேஸ்திரியும்: ரங்கூன் கற்ற இரண்டு வேலை முறைகள்

வேலை ஒழுங்காக நடக்கக் கணக்கேடு வேண்டுமா, உறவு வேண்டுமா? ரங்கூன் (இன்றைய யாங்கோன்) தமிழருக்கு இதற்கு இரண்டு பழைய விடைகள் தெரியும். ஒன்று முகல் தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கி. மற்றொன்று துறைமுகத்தில் கூலியாட்களைச் சேர்த்து வேலை வாங்கிய மேஸ்திரி முறை. இரண்டிலும் உறவு இருந்தது. கணக்கு யார் கண்ணில் பட்டது என்பதில்தான் வேறுபாடு. நான் கிட்டங்கியின் பக்கம், ஒரு பெரிய குறையை ஒப்புக்கொண்டு.

கிட்டங்கியில் முதலாளிக்காகத் தொழிலை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், கடைசியில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையன் என்று படிகள் தெளிவாக இருந்தன. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் சம்பளம் பேசி, சீட்டு எழுதிக்கொண்டு, பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறுவார். கடலுக்கு இந்தப் பக்கம் அவர் என்ன செய்கிறார் என்று தினமும் யார் பார்ப்பது? ஊர், கோயில், கொண்டு கொடுத்த உறவு ஆகியவைதான் காவல். கை சுத்தமில்லை என்று பேர் வந்தால், இன்னொரு செட்டியார் கடையில் இடம் கிடைப்பது அரிது. அப்படியும் பேரேட்டை யாரும் மூடிவைக்கவில்லை. பங்காளி மகனானாலும் ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்பின் முழுக் கணக்கு, காட்டியாக வேண்டும்.

குறை இதுதான்: அந்த நம்பிக்கை கிட்டங்கி வாசலோடு நின்றது. பர்மிய விவசாயிக்கு மிஞ்சியது வெறும் கடன் பத்திரம். 1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தது, கடனைத் திருப்ப முடியவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார் கைக்கு வந்திருந்தது. அந்தக் கசப்பை நம் பாட்டன்மார் நன்றாக அறிவார்கள்.

துறைமுகத்தில் தெலுங்கர் மிகுதி, தமிழரும் உண்டு. மேஸ்திரி ஊரிலேயே முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார். கூலியும் அவர் கை வழியாகத்தான் வரும். கப்பல் வந்த சில மணி நேரத்தில் கூட்டம் திரளும். வேகத்தில் கிட்டங்கி இதன் அருகே வர முடியாது. ஆனால் மேஸ்திரிக்கு மேல் மேஸ்திரி, ஒவ்வொருவருக்கும் ஒரு பிடித்தம். எவ்வளவு கடன் தீர்ந்தது என்பது சுமப்பவனுக்குத் தெரியாது. அண்ணன், மாமன் என்று அழைத்த வாயால் கேள்வி கேட்க முடியவில்லை.

உறவு இருந்தால் உற்பத்தி தானாக உயரும் என்பவர்கள் சிகாகோ அருகே ஹாதார்ன் என்ற தொலைபேசிக் கருவி ஆலையில் 1931–32இல் நடந்த ஆய்வைப் பார்க்கலாம். கம்பி இணைக்கும் அறையில் 14 ஆண்கள். கூடுதலாகச் செய்தால் கூடுதல் பணம் என்றிருந்தும், தமக்குள் ஓர் அளவு வகுத்துக்கொண்டு அதைத் தாண்டியவரைத் தோழர்களே அடக்கினார்கள்.

இன்று யாங்கோனில் உளுந்து ஏற்றுமதிக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுகிறேன். மழை நாளில் லாரி வந்தால், சுவரில் ஒட்டிய முறைப் பட்டியல் உதவாது. மூட்டை தூக்கும் அண்ணன் போன் செய்தால்தான் பன்னிரண்டு பேர் வருவார்கள். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மாலை, அவர் கூட்டத்துப் பையன் ஒருவன் சட்டைப்பையிலிருந்து உளுந்து மணிகளை எடுத்து உள்ளங்கையில் எண்ணிக்கொண்டிருந்தான். மூட்டைக்கு ஒரு மணி. அவனுக்குக் கணக்குச் சீட்டு யாரும் கொடுத்ததில்லை.

மறுநாள் முதல் ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதினேன். அண்ணனுக்கு முதலில் மனத்தாங்கல்தான். இப்போதும் ஆள் அழைப்பவர் அவரே. எண்ணிக்கையை மட்டும் இருவரும் சேர்ந்து எழுதுகிறோம். அந்தப் பையன் இரண்டு வாரம் வரை சீட்டையும் வாங்கினான், உளுந்து மணியையும் போட்டு வந்தான்.