சட்டன் ஹூ: கிழக்கு ஆங்கிலிய அரசர்களின் இடுகாட்டுக்குப் போவதற்கு முன்

இங்கிலாந்தின் சஃபோக்கில், வுட்பிரிட்ஜ் ஊருக்கு அக்கரையில், டெபன் ஆற்றைப் பார்த்த மேட்டில் இருக்கிறது சட்டன் ஹூ. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் கிழக்கு ஆங்கிலியா என்ற ஆங்கிலோ-சாக்சன் அரசை ஆண்ட வுஃபிங்கா குலத்தார் புதைக்கப்பட்ட இடமாகக் கருதப்படுவது. இப்போது பழஞ்சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது. தங்கம் பார்க்க வேண்டும் என்று போகிறவர்கள்தான் முகம் வாடித் திரும்புகிறார்கள். 1939-இல் தொல்லியலாளர் பேசில் பிரவுன் தோண்டிய, இறந்தவரைக் கப்பலோடு புதைத்த கல்லறையின் அசல் செல்வம் இங்கே இல்லை. நிலத்தின் உரிமையாளர் எடித் பிரெட்டி அதை பிரிட்டிஷ் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார்.

கப்பலும் இல்லை. அமில மணல் மரத்தையும் உடலையும் கரைத்துவிட்டது. எஞ்சியவை மணலில் பலகைகளின் அச்சும் வரிசை வரிசையாக இரும்பு ஆணிகளும்தான். முற்றத்தில் நிற்கும் 27 மீட்டர் உருக்குச் சட்டம் அந்தக் கப்பலின் உண்மையான நீளம். முதலில் அதன் ஓரமாக நடந்து பாருங்கள். பிறகு கண்காட்சி, அதற்குப் பிறகு கல்லறைகளின் மேல் எழுப்பிய மண்மேடுகள். நேராக மேடுகளுக்குப் போனால் புல் முளைத்த திட்டுகள்தான் தெரியும். நூற்றாண்டுகளாக உழுததில் அவை தேய்ந்துவிட்டன. இரண்டாம் எண் மேட்டை மட்டும் பழைய உயரத்துக்கு எழுப்பியிருக்கிறார்கள். 17 மீட்டர் கோபுரத்தில் ஏறினால்தான் மேடுகள் கூட்டமாக அமைந்திருப்பதும் ஆறு எவ்வளவு அருகில் என்பதும் பிடிபடும். அந்த ஆற்றிலிருந்துதான் கப்பலை மேலே இழுத்து வந்திருக்க வேண்டும். படியேற வேண்டும், திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசகுலத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது மிக அவசியம். ரெட்வால்ட் என்ற ஓர் அரசனின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். 616 வாக்கில் ஐடில் ஆற்றங்கரையில் நார்தம்பிரிய அரசன் எத்தெல்ஃபிரித்தை வீழ்த்தி எட்வினை அந்நாட்டு அரியணையில் ஏற்றியவன் அவன். அதே போரில் மகன் ஒருவனை இழந்தான். ஒரே கோயிலில் கிறிஸ்துவுக்கும் பழைய தெய்வங்களுக்கும் தனித்தனிப் பலிபீடம் வைத்திருந்தான் என்கிறார் எட்டாம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய துறவி பீட். இன்னொரு மகன் இயோர்ப்வால்ட் மதம் மாறிய சிறிது காலத்திலேயே கொல்லப்பட்டான். ரெட்வால்டின் சகோதரன் வழியில் வந்த அன்னா என்ற அரசனின் மகள் எத்தெல்திரித், 673-இல் ஈலியில் மடம் நிறுவினாள். கப்பலில் கிடந்தவன் ரெட்வால்ட்தான் என்பது வலுவான ஊகம், அவ்வளவே. பணப்பையில் இருந்த 37 ஃபிராங்கிய நாணயங்களின் காலம், 625 வாக்கில் நேர்ந்த அவன் சாவோடு ஒத்துப்போகிறது. அவன் பெயர் பொறித்த பொருள் எதுவும் கிடைக்கவில்லை.

லண்டனிலிருந்து ரயிலில் வருபவர்கள் இப்ஸ்விச்சில் மாறி மெல்டனில் இறங்கலாம். அங்கிருந்து 2 கிலோமீட்டர் நடை.

முடிந்தால் மறுநாளே பிரிட்டிஷ் மியூசியத்தின் 41-ஆம் அறைக்குப் போங்கள், கட்டணம் கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைக் கோத்த தலைக்கவசத்தைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். இடுப்புப் பட்டையின் 412.7 கிராம் தங்கக் கொக்கிக்கு அதைவிட அதிக நேரம் கொடுங்கள்: உள்ளே கூடாக, பின்பக்கம் கீலில் திறக்கும்படி செய்தது. அதன் மேல் பின்னிக் கிடக்கும் பாம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தறியவே கால் மணி நேரம் ஆகும்.